எஸ்தர் அக்காவின் ‘தெரியல’ கட்டம்

எஸ்தர் அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நான் கம்பெனிக் கழிப்பறையில் உட்கார்ந்திருந்தேன். செல்போனை உள்ளே எடுத்துப் போகிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. ஷிப்மென்ட் வாரத்தில் ஒரு மேலாளர் நிம்மதியாகப் பேச வேறு இடம் கிடையாது என்று காரணமும் வைத்திருக்கிறேன். அக்காவின் தம்பி சாமுவேல்தான் கூப்பிட்டார். "அக்கா போயிட்டா, அண்ணாச்சி" என்றார்.

"எந்தக் கிருமிங்க?" என்று கேட்டேன். வாயில் அதுதான் வந்தது.

"கிருமியா? நெஞ்சுவலி அண்ணாச்சி. காலையில பல்லு வெளக்கிட்டு இருந்தா, அப்படியே உக்காந்துட்டா."

எழுந்திருப்பதா, அழுவதா, முதலில் தண்ணீர் ஊற்றுவதா என்று எனக்குப் புரியவில்லை. இத்தனை வருட நிர்வாக அனுபவம் அந்த நேரத்துக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. நான் இருந்த இடம் தெரிந்திருந்தால் அக்கா ஒன்றும் தப்பாக நினைத்திருக்க மாட்டார். அங்கிருந்து வருவதைப் பார்த்துத்தான் அவர் பிழைத்தார். ஆனால் இது சின்ன வெட்கம். பெரிய வெட்கம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் நம் மேலாளர்கள் சங்கத்து மலரில் இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். வழக்கமாக இந்தப் பக்கத்தில் நான் சிரிப்புத் துணுக்கு எழுதுகிறவன். இந்தத் தடவை சிரிப்பு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். திருப்பூர் நல்லூரில் ஒரு காஜா பட்டன் தையல் யூனிட்டுக்கு மேல்மாடியில் சின்னதாக லேப் வைத்திருந்தார். கீழே மெஷின் ஓடினால் மேலே மைக்ராஸ்கோப் ஆடும். "கீழ உள்ளவன் டீ குடிக்கப் போனாத்தான் எனக்குக் கிருமி கண்ணுக்குத் தெரியுது" என்பார். சாத்தான்குளம் பக்கத்துக் குடும்பம். மற்ற எல்லோரும் பனியன் தைக்க வந்தார்கள், இவர் மட்டும் பாட்டிலோடு வந்தார். அவர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நல்லூரில் மூன்று கதைகள் உலவின. மூன்றையும் கிளப்பியவன் நான். அதில் ஒன்று ஊரைச் சுற்றி இரண்டு வருடம் கழித்து என் காதுக்கே வந்தபோது, "அப்படியாங்க?" என்று வாயைப் பிளந்து கேட்டேன்.

முதலிபாளையத்தில் எங்கள் கம்பெனிக்கு அவர் முதல் தடவை வந்தது, மெஸ்ஸில் சாப்பிட்ட ஏழெட்டுப் பேருக்கு ஒரே நாளில் வயிற்றுப்போக்கு வந்தபோது. தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், சமையல்காரரின் நகத்தைப் பார்த்தார், கடைசியில் என் மேஜையிலிருந்த பிளாஸ்டிக் ஜாடியைப் பார்த்தார்.

"இது என்னது தம்பி?"

"ஷிப்மென்ட் மாத்திரைங்க அக்கா."

"அப்படி ஒரு மருந்து நான் படிக்கலையே."

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் மேஜையிலும் அது இருந்தது. சரக்கு கப்பலேறுகிற வாரத்தில் ஒருத்தருக்கு வயிறு கலங்கினால் ஓவர்லாக் தையல் மெஷின் ஒன்று நின்றுவிடும். அதனால் சிப்ரோஃப்ளாக்சாசின் என்கிற கிருமி மருந்து ஒன்று, வயிற்றைக் கட்டுகிற மாத்திரை ஒன்று, இரண்டையும் கையில் கொடுத்து மெஷினுக்கு அனுப்பிவிடுவோம். போக்கு நின்றதும் மாத்திரையும் நின்றுவிடும். மீதியை ஜாடியிலேயே திரும்பப் போட்டுவிடுவேன், சிக்கனமான நிர்வாகி என்று பெயர். சனிக்கிழமை பிரியாணி போட்டால் எதற்கும் இருக்கட்டும் என்று ஆளுக்கொன்று முன்கூட்டியே கொடுத்ததும் உண்டு. அந்த ஜாடியில் அதிகம் கைவிட்டவன் நான்தான்.

அக்கா ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாத்திரைதான் போக்க நிறுத்துச்சுன்னு நெனைக்கீங்க. பாதிப் போக்கு தானா நிக்கப் போறதுதான். இது உள்ள போயி சாகுறதை எல்லாம் கொன்னுட்டு, சாகாதவனுக்கு எடத்தைக் காலி பண்ணிக் குடுத்துட்டு வருது, பாத்துக்கிடுங்க."

"யாருங்க அக்கா அந்தச் சாகாதவன்?"

"அதைத்தான் பாக்கணும். ஆளுக்கு ஒரு பாட்டில்ல வெளிக்குப் போனதை எடுத்துக் குடுங்க. நோவு உள்ளவங்க வேண்டாம். நல்லா இருக்கவங்க வேணும்."

நல்லா இருக்கிறவர்களின் வயிற்றைப் பார்த்து என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது போல. நம் பாஷையிலேயே சொன்னார். தட்டில் கிருமியை வளர்த்து, அதன்மேல் மருந்து ஊறிய சின்னச் சின்னக் காகிதப் பொட்டுகளை வைப்பார். மருந்துக்குச் சாகிற கிருமியானால் பொட்டைச் சுற்றி வெறும் வட்டம் விழும், சாயத்துணியில் ப்ளீச் சொட்டினால் விழுமே அதுபோல. சாகாத கிருமியானால் வட்டமே விழாது. "அது வயித்துல சும்மா கெடக்கும் தம்பி, ஒரு கேடும் செய்யாது. கை கழுவாம சோறு போட்டா அடுத்தவன் வயித்துக்குப் போகும். தண்ணியில கலந்தா தெருவுக்கே போகும். மாத்திரையையே கண்ணால பாக்காதவன் வயித்துலயும் குடியேறும். பக்கத்துக் கிருமிக்கும் தன் வித்தையச் சொல்லிக் குடுக்கும். என்னைக்காவது மூத்திரத்துலயோ ரத்தத்துலயோ எறங்கிச்சுன்னா அன்னைக்குத்தான் தெரியும், எந்த மருந்தும் கேக்கலன்னு."

அவரிடம் நீளமான நோட்டு ஒன்று இருந்தது. பெயர், வயது, கடைசியாக மாத்திரை தின்றது எப்போது, எந்த மருந்துக்கு வட்டம் என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தார். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘தெரியல’. அது எதற்கு என்று கேட்டேன். "தெரியலன்னு எழுத ஒரு எடம் இல்லாட்டா மனுசன் வாய்க்கு வந்ததை எழுதிருவான்" என்றார்.

மேலாளர் முதலில் கொடுத்தால்தான் மற்றவர்கள் கொடுப்பார்கள் என்று என் கையில் முதல் பாட்டிலைத் திணித்தார். மாத்திரை தின்றது எப்போது என்ற கட்டத்தில், "நான் தொட்டதே இல்லீங்க" என்று சொல்லி எழுத வைத்தேன். தொழிலாளிகள் சுற்றி நின்றார்கள், வேறென்ன சொல்வது? உண்மையில் முந்தின நாள்தான் ஜாடியிலிருந்து ஒரு செட்டுப் போட்டிருந்தேன். மறுநாள் காலை பாட்டிலோடு அரைமணி நேரம் உட்கார்ந்தும் ஷட்டர் திறக்கவில்லை. பத்து மணிக்குள் லேப்பில் கொடுக்க வேண்டும்.

அப்போது எங்கள் வீடு பிள்ளை பெற்ற வீடு. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஆண் குழந்தை. கொள்ளுப்பேரனைப் பார்க்க என் மாமனார் வெள்ளகோவிலிலிருந்து வந்திருந்தார். எழுபதைத் தாண்டிய விவசாயி. மாத்திரை என்றாலே துப்பிவிடுகிறவர். எனக்கு அவர் தெய்வமாகத் தெரிந்தார்.

"மாமா, ஒரு உதவி வேணுங்க."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

பாட்டிலைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கண்ணாலத்துக்குப் பவுன் கேட்டீங்க, போட்டேன். வண்டி கேட்டீங்க, எடுத்துக் குடுத்தேன். இத்தன வருசம் கழிச்சு இதுவுங்களா?"

"சுண்டைக்காய் அளவு போதுமுங்க மாமா."

"மாப்பிள்ளை கேட்டு என்னைக்கு இல்லைன்னு சொல்லியிருக்கறேன்" என்று பெருமூச்சு விட்டுப் பாட்டிலை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். வெகுநேரம் வரவில்லை. நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். மகள் உள்ளே குழந்தையின் துணி ஒன்றைக் காணோம் என்று கத்திக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் யாராவது எதையாவது காணோம் என்று கத்தாத நாள் கிடையாது. ஒருவழியாக மாமனார் வந்தார். பாட்டிலைத் துண்டில் சுற்றி, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டிவிட்டு நகர்ந்தார். பாவம், வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

லேப்பில் அக்கா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "என்ன தம்பி, இவ்வளவு எளசா, மஞ்சளா இருக்கு? என்ன தின்னீங்க?"

"மோருஞ்சோறுங்க அக்கா."

மூன்றாம் நாள் அவரே கம்பெனிக்கு வந்துவிட்டார். கையில் இரண்டு தட்டு. பொதுவாக நிதானமான மனுஷி, அன்றைக்கு மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறி வந்தார். எங்கள் தொழிலாளிகளின் தட்டுகளில் பாதிக்கு மேல் ஒழுங்காக வட்டம் விழவில்லையாம். மாத்திரையே தின்னாத பெண்பிள்ளைகளின் தட்டிலும் அதே கதைதானாம். என் பெயர் ஒட்டிய தட்டில் மட்டும் ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் முழு நிலவு மாதிரி வட்டம். "ஒரு வயிறு மிச்சம் இருக்கு தம்பி" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என்னை யாரும் அதற்கு முன்பு அப்படிப் பார்த்ததில்லை.

அடுத்து நடந்தது நம் சங்கக் கூட்டம். அதில் நீங்களெல்லாம் இருந்தீர்கள். வட்டம் விழாத தட்டை அக்கா தூக்கிக் காட்டி, "எந்த மருந்து விட்டாலும் வெளுக்கல" என்றதும் பின்வரிசையிலிருந்து ஒருவர், "கெட்டிச் சாயம், அருமையான குவாலிட்டிங்க" என்று கை தட்டினார். யார் என்று சொல்ல மாட்டேன். இப்போது அவர் சங்கத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறார், இந்த மலரை முதலில் படிக்கிறவரும் அவர்தான். அக்கா சிரித்துவிட்டு என் தட்டை எடுத்தார். "இவரும் உங்கள மாதிரி மேனேஜர்தான். அதே மெஸ், அதே தண்ணி. ஜாடி வெச்சிருக்காரே தவிர ஒண்ணைத் தொட்டதில்ல. வயிறு எப்படி இருக்கு பாருங்க. நீங்க நிறுத்துனா உங்க ஆளுங்களுக்கும் இது நடக்கும்."

நான் எழுந்து கும்பிட்டேன். கும்பிட்டதோடு நிற்கவில்லை, ராகிக் களியின் மகிமை பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். அந்த மாதத்திலேயே பல மேஜைகளிலிருந்து ஜாடிகள் இறங்கின. என் மேஜையிலிருந்தும் இறங்கியது, மேஜைக்கு அடியில் இருந்த டிராயருக்கு.

பேரனுக்கு நாற்பதாவது நாள் அக்கா சின்னதாக ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு பார்க்க வந்தார். குழந்தைக்குச் சளி. அலமாரியில் நான் வாங்கி வைத்திருந்த சிரப் அவர் கண்ணில் பட்டுவிட்டது. அதுவும் கிருமி மருந்துதான்.

"யாரு எழுதிக் குடுத்தா?"

"மெடிக்கல்லயே குடுத்தாங்க அக்கா."

என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. குழந்தையை மடியில் போட்டு வயிற்றைத் தடவினார். "உன் வயித்துல இப்பத்தான் ஒவ்வொருத்தனா குடிவாரான். அதுக்குள்ள உங்க தாத்தா காலி பண்ணச் சொல்லிட்டாரு, என்ன?" என்று அதனிடம் சொன்னார். அது சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒரு வருடம் கழித்து எனக்குச் சிறுநீரில் எரிச்சலும் குளிர்காய்ச்சலும் வந்தது. டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன், நம்முது சுத்தமான வயிறுங்க, லேப்பிலேயே பார்த்து வைத்திருக்கிறது, சாதாரண மாத்திரையே போதும் என்று. அவரும் அக்காவைத் தெரிந்தவர், நம்பி எழுதினார். மூன்றாம் நாள் பல் தந்தியடித்தது. நான்காம் நாள் பெட்டில் படுத்துக்கொண்டு இல்லாத வேலைக்காரர்களை ஓவர்டைமுக்குக் கூப்பிட்டேனாம். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என் மனைவி அழுத அழுகையைப் பார்த்துத்தான் விஷயம் பெரிது என்று எனக்கு உறைத்தது. அக்கா தன் கையாலேயே என் சிறுநீரைத் தட்டில் போட்டுப் பார்த்தார். வரிசையாக எல்லாப் பொட்டும் வட்டமில்லாமல் மொட்டையாக இருக்க, ஊசியாக ஏற்றுகிற ஒரே ஒரு மருந்துக்கு மட்டும் வட்டம் விழுந்தது. அதைப் போட்டுத்தான் பிழைத்தேன்.

காய்ச்சல் இறங்கிய அன்று கட்டில் பக்கத்தில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எனக்கு ஒண்ணும் புரியல தம்பி. ஒரு வருசத்துல இப்படி மாறுமா? ஜாடி கீடி ஏதும் தொட்டீங்களா?"

அதற்கு மேல் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். ஜாடியை, மாமனாரை, சுண்டைக்காயை, எல்லாவற்றையும். என் மனைவி, "என்ற அப்பனுதா?" என்று தலையிலடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அக்கா நோட்டை மூடி மடியில் வைத்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அம்புட்டு மேனேஜருக்கும் நான் காட்டுனது ஒங்க மாமனார் வயிறா?"

"ஆமாங்க அக்கா."

சிரிப்பு நின்றது. "கூட்டத்துல நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா நான் பொய் சொன்னேன்னு ஆகும்."

"சொன்னா ஜாடியெல்லாம் மறுபடியும் மேஜைக்கு வந்துடுமுங்க."

"வந்தாலும் வரட்டும். பொய்த் தட்டைக் காட்டி நிறுத்துன ஜாடி எத்தன நாளு நிக்கும்?"

கூட்டத்தில் சொல்லவில்லை. மலரில் எழுதுகிறேன் என்றேன். இரண்டு வருடமாக எழுதவில்லை. அக்கா ஒருநாளும் கேட்கவுமில்லை. மாதா மாதம், "மலர் வந்துட்டா தம்பி?" என்று மட்டும் விசாரிப்பார். வந்துட்டதுங்க என்று நீட்டுவேன். என் பக்கத்தைப் பிரித்துத் துணுக்கைப் படித்து, மரியாதைக்குச் சிரித்து, மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

அவர் கவலை வேறு பக்கம் திரும்பிவிட்டது. திருப்பூர் மாவட்டத்து ஊரில் இப்படி ஒரு வயிறு எப்படித் தப்பியது? பஸ் ஏறி வெள்ளகோவிலுக்கே போனார். மாமனார் தெருவில் வீடு வீடாகப் பாட்டில் கொடுத்து வாங்கி வந்து பார்த்தார். கிராமத்துக் காற்று, களி, கம்பங்கூழ் என்று நான் அளந்த கதையெல்லாம் தட்டில் நிற்கவில்லை. நல்லூருக்கும் அந்தத் தெருவுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. மாமனார் மட்டும்தான் புதிர். இன்னொரு பாட்டில் கேட்கப் போனால் அவர் கைக்கு அகப்படவில்லை. முதல் தடவை மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டாம் தடவை, "நாளைக்குங்க அம்மணி" என்று சொல்லிவிட்டு ஆட்டுப் பட்டிக்குள் புகுந்துகொண்டார். மூன்றாம் தடவை காங்கேயத்தில் எழவு என்று பஸ் ஏறினார். யார் செத்தது என்று என் மாமியாருக்கே தெரியவில்லை.

"உங்க மாமனாருக்கு என்னைய கண்டா ஏன் இவ்வளவு பயம்?" என்று போன மாதம்கூடக் கேட்டார்.

"எனக்கும் பிடிபடலீங்க அக்கா" என்றேன். அந்த ஒன்றுதான் நான் அவரிடம் சொன்ன கலப்படமில்லாத உண்மை.

அடக்கம் முடிந்து வந்த அன்று சாமுவேல் அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். எங்களுக்கு இதை வெச்சுக்கிட்டு என்ன செய்யன்னு தெரியல, நீங்க வெச்சுக்கிடுங்க அண்ணாச்சி என்றார். கடைசிப் பக்கத்தில் என் மாமனாரின் பெயர் இருக்கிறது. பக்கத்தில் வட்டங்களெல்லாம் வரிசையாக எழுதி, கடைசிக் கட்டத்தில், ‘எப்படி? தெரியல. மறுபடி கேக்கணும்’ என்று இருக்கிறது. மறுபடி என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப் போவது அந்தக் கட்டத்தைத்தான். எங்கள் தினசரி உற்பத்தி ரிப்போர்ட்டின் ஓரத்தில் ‘தெரியவில்லை’ என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டேன். "தெரியலைன்னு எழுதறதுக்கு எதுக்குங்க மேனேஜர்?" என்று முதலாளி கேட்டார். அதற்கான பதிலையும் அதே கட்டத்தில் எழுதியிருக்கிறேன். ஜாடியில் இப்போது பட்டன் கிடக்கிறது. நண்பர்களே, உங்கள் ஜாடிகளை இறக்க வைத்தது ஒரு பொய்த் தட்டு. ஆனால் வட்டம் விழாத மற்ற தட்டுகள் அத்தனையும் மெய். அதில் ஒன்று என்னுடையது. ஜாடியைத் திரும்ப எடுத்து வைப்பதா வேண்டாமா என்று இதைப் படித்த பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள். அக்கா கேட்டது அவ்வளவுதான்.

இத்தோடு முடித்திருந்தேன். பெயர் சொல்லாவிட்டாலும் பெரியவர் மானம் சம்பந்தப்பட்டது ஆயிற்றே என்று நேற்று மாமனாரிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். நோட்டின் கடைசி வரி வரும்வரை தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்கு எனக்கும் வரலீங்க மாப்பிள்ளை. கேட்டு இல்லைன்னு சொல்ல வாய் வரல. தொட்டிலுக்குக் கீழ கொழந்தை துணி கெடந்துச்சுங்க."

பேரனுக்கு அன்று பதினெட்டு நாள்.